முகம் தெளிந்த ஐந்து மாதம்

ஐந்து மாதம் என் தங்கைக்கு நான் மாத்திரை கொடுத்தேன். அவளுக்கு நோய் எதுவும் இல்லை. முகத்தில் பரு இருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாழைக்காய் பஜ்ஜியை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. மூஞ்சிதான் கொஞ்சம்..." அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. சொன்னவர்களின் மூஞ்சிகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் தங்கை அழவில்லை. கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "யக்கா, பஜ்ஜியில எண்ணெய் ஜாஸ்தியா இருந்துச்சோ? அதான் மூஞ்சில எண்ணெய் வடியுதுன்னு நெனச்சிட்டாவளோ?" என்றாள். அழுதது அம்மாதான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. எனக்கு வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லி நழுவிப் போயிருந்தன. 'எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சின்னவளுக்குப் பாருங்கள்' என்று நானே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் கல்யாணத்தை நான் முன்னின்று முடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. என் கதை அவளுக்கு வரக் கூடாது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எனக்கு வேலை. நோயாளிகளின் ரத்தம், சிறுநீர், மலம் இவற்றிலிருந்து கிருமிகளை வளர்த்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் தங்கை கேட்கும் முதல் கேள்வி, "உன் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டாச்சா?" என்பதுதான். பிள்ளைகள் என்று அவள் சொல்வது நான் வளர்க்கிற கிருமிகளை.

பருவுக்கு டெட்ராசைக்ளின் நல்லது என்பது எனக்குத் தெரியும். தோல் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்துதான். ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை. டாக்டர் சீட்டு கேட்கிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. கேட்டிருந்தாலும் ஆய்வகத்துப் பெண்ணான என்னிடம் கேட்க மாட்டார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், கூடவே பாலோ மோரோ சேரக் கூடாது. மோர் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"மோரைக் கண்டா பயப்படுத மாத்திரையெல்லாம் ஒரு மாத்திரையா?" என்று முனகிக்கொண்டே விழுங்குவாள். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் தினம் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெருவில் தெரிந்தால் போதும், மறுநாளே அது தீராத சீக்காகிவிடும். எங்கள் பக்கத்தில் பெண் இருக்கிற வீடுகளில் மருந்து இப்படித்தான் இருக்கும். அரிசிப் பானைக்குப் பின்னால், காகிதம் சுற்றி.

ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து உறைமோர் கேட்டு வந்தார்கள். அம்மா ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். அப்போது என் தங்கை, "இந்த மாத்திரை மூஞ்சிக்குப் போகும் முன்னால வயித்துக்குள்ள என்னக்கா செய்யும்?" என்று கேட்டாள். எனக்குப் பாடம் நடத்துவது பிடிக்கும். நடத்தினேன்.

குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் சாதுக்கள் என்றேன். மாத்திரை உள்ளே போனால் மருந்துக்குப் பணிகிறவை சாகும், மருந்தை எதிர்க்கத் தெரிந்தவை தங்கும். அந்த எதிர்ப்பு கிருமிக்குள் இருக்கிற ஒரு சின்ன மரபணு வளையத்தில் எழுதியிருக்கும். ஒரு கிருமி அதைத் தன் வாரிசுகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற கிருமியை ஒரு சின்னக் குழாய் நீட்டித் தொட்டு, வளையத்துக்கு நகல் எடுத்து அதற்கும் கொடுத்துவிடும். இப்போது அம்மா உறை கொடுத்தாளே, அது மாதிரி. கொடுத்ததால் நம் மோர் குறையவில்லை, அவர்கள் பாலும் தயிராகிவிடும்.

"பக்கத்துல இருக்கது வேற சாதிக் கிருமியா இருந்தா?"

"அதுக்கும் குடுக்கும்."

"அப்போ நம்ம தெருவுக்கு அதுக எவ்வளவோ மேல்," என்றாள். அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி, வாயைக் கழுவு!" என்று சத்தம் போட்டாள். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒன்றை மட்டும் அன்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை. அந்த ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாகக் கோத்துக் கிடக்கும். ஒரு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து வந்தால் மற்ற நாலும் சும்மா கூடவே வளரும். இது எனக்குப் பாடமாகத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்குள் அது நடக்கும் என்று மட்டும் என் படித்த மண்டைக்கு ஏறவில்லை.

மூன்றாம் மாதம் முகம் தெளியத் தொடங்கியது. ஐந்தாம் மாதம் ஒரு பரு இல்லை. அம்மா அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய்ப் படம் எடுத்தாள். கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை, இடது தோளில் மல்லிகைப் பூ. சிரிக்கக் கூடாது என்று படம் எடுப்பவர் சொன்னதால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடக்கியது படத்தில் தெரியும். அந்தப் படம் போன முதல் வீட்டிலேயே பிடித்துவிட்டது. நேரில் வந்து பார்த்தார்கள், அப்போதும் பிடித்தது. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். எங்கள் ஊர் டாக்டரின் மனைவி மாப்பிள்ளைக்குச் சித்தி முறை.

ஆனி மாதக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு அந்த டாக்டரிடம் போனோம். அவர் நல்ல டாக்டர். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். டைபாய்டு மாதிரி இருக்கிறது என்றார். பேனாவை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுதாளா? முன்னால ஏதும் சாப்பிட்டாளா?"

அவருக்குப் பின்னால் திரை. திரைக்குப் பின்னால் வீடு. அங்கே அவர் மனைவி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்கு இடது பக்கம் அம்மா நின்றாள், தங்கை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"இல்ல, டாக்டர்," என்றேன்.

அவர் குளோராம்பெனிக்கால் எழுதிக் கொடுத்தார். அந்த ஊரில் டைபாய்டு வந்த அத்தனை பேரையும் எழுப்பி உட்கார வைத்த மருந்து அது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கும் என்றார். நாலாம் நாள் இறங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றார். ஆறாம் நாள் நானே அவள் கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். மலமும் எடுத்துக்கொண்டேன். ரத்தப் புட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். அவ்வளவு காய்ச்சலிலும், "யக்கா, உன் பிள்ளைகளோட பிள்ளையா என்னையும் சேத்துட்டியா?" என்று கேட்டிருந்தாள். நான் அவளை அதட்டினேன். எனக்குப் பயம் வந்தால் அதட்டல்தான் வரும்.

கிருமி வளர இரண்டு நாள் ஆனது. டைபாய்டுதான். அதைத் தட்டில் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைத்தேன். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு தெளிந்த வட்டம் விழும். மறுநாள் காலை தட்டைத் திறந்தேன். குளோராம்பெனிக்கால் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்திருந்தது. டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், இன்னொன்று, எல்லாம் அப்படியே. கடைசியாக வைத்த ஒரு புது மருந்துக்கு மட்டும் பெரிய வட்டம்.

எங்கள் ஆய்வகத் தலைவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த ஊரும்மா?"

"எங்க வீடு, சார். என் தங்கச்சி."

"முன்னால ஏதும் மருந்து சாப்பிட்டாளா?"

இந்த முறை சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அஞ்சு மாசமா," என்று மட்டும் சொன்னார். பிறகு ஊர் டாக்டருக்கு அவரே போன் போட்டுப் புது மருந்தின் பெயரைச் சொன்னார். நான் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஓடிப் போய் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

புது மருந்து கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் காலை அவள் எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டாள். அம்மா நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள், பாதி டம்ளர் குடித்தாள். அந்தப் பாதி டம்ளரைப் பார்த்துவிட்டு நான் வேலைக்கே போனேன். பன்னிரண்டு மணிக்கு ஆய்வகத்துக்குப் போன் வந்தது. வயிற்றில் கத்தியால் குத்தின மாதிரி வலி வந்து சுருண்டுவிட்டாள், காரில் திருநெல்வேலிக்குக் கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி இருந்தது.

டைபாய்டு குடலில் புண் போடும். அதிக நாள் விட்டால் புண் ஓட்டையாகிவிடும். மருந்து கேட்கத் தொடங்கியபோது புண் ஏற்கெனவே ஆழமாக இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் பிற்பகல், பார்வையாளர்கள் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், போய்விட்டாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையை அம்மா பிடித்திருந்தாள்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது தெருவிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி வாய்விட்டு அழுதுகொண்டே சொன்னாள். "மூஞ்சியப் பாருங்களேன். ஒரு மறு இல்லாம, கழுவி வச்ச மாதிரி இருக்காளே." எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எங்காவது ஒரு பரு இருக்காதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், குளிர்பெட்டியில் அவளுடைய மலத்திலிருந்து நான் எடுத்து வைத்திருந்த கிருமியைக் கண்டேன். அவள் குடலில் வழக்கமாகக் குடியிருந்த சாதுக் கிருமி, ஈ.கோலை. டெட்ராசைக்ளினோடு குளோராம்பெனிக்காலையும் எதிர்த்தது. அதை ஒரு குழாயில் போட்டேன். அதோடு ஆய்வகத்தில் பழங்காலத்திலிருந்து வைத்திருந்த ஒரு டைபாய்டு கிருமியைச் சேர்த்தேன். எல்லா மருந்துக்கும் சாகிற பழைய கிருமி அது. இரண்டையும் உடம்புச் சூட்டில் ஒரு நாள் சேர்ந்து இருக்கவிட்டேன். பிறகு குளோராம்பெனிக்கால் கலந்த, கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டுகிற தட்டில் பூசினேன். பழைய டைபாய்டு கிருமி அதில் வளரக் கூடாது. மறுநாள் பார்த்தால், தங்கையின் கிருமிகள் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே நிறமில்லாத சில புள்ளிகள். சோதித்துப் பார்த்தேன். டைபாய்டு. என் தங்கையின் சாது, வளையத்தைக் கொடுத்துவிட்டிருந்தது.

தலைவர் அந்தத் தட்டைப் பார்த்தார். "இது நடக்கும்னு தட்டு சொல்லுது. அவ வயித்துக்குள்ள நடந்துதுன்னு சொல்லல. இந்த வருஷம் வேற ஊர்லேருந்தும் இதே மாதிரி ரெண்டு மூணு வந்திருக்கு. தண்ணியில வரும்போதே வளையத்தோட வந்திருக்கலாம். எது எதுக்குக் குடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாதும்மா," என்றார்.

அவர் சொன்னது உண்மை. கிருமிகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகத்தின் பலன் உண்டு. ஆனால் அந்த 'இல்ல' என்ற சொல் என்னுடையது. அது எங்கிருந்து வந்தது என்று சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. சில மாதம் கழித்து ஊர் டாக்டரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பேன். அந்த மருந்தை நம்பி ஆறு நாள் உக்காந்திருக்க மாட்டேன்." "எதுக்கும்மா மறைச்சே? வீட்டுக்காரிகிட்ட போயா சொல்லுவேன்?"

அவர் சொல்லியிருக்க மாட்டார். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்த பைத்தியக்காரத்தனம் ஒன்று உண்டு. தங்கையின் ஈ.கோலையை மாதம் ஒரு முறை புதுக் குழாய்க்கு மாற்றி உயிரோடு வைத்திருந்தேன். அவளில் உயிரோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். குழாயின் மேல் நோயாளி எண் மட்டும் எழுதியிருக்கும். மாதா மாதம் அதற்குச் சோறு போட்டேன். அவள் கேலி செய்ததை உண்மையாக்கினேன். மூன்று வருடம் இப்படிப் போனது. ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, வேண்டாத கிருமிகளையெல்லாம் அழிக்கச் சொன்னார் தலைவர். அந்தக் குழாயைக் கையில் எடுத்தவர், எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நானே அதை நீராவிக் கொதிகலனில் வைத்து மூடித் திருகினேன். கால் மணி நேரம். வெளியே எடுத்தபோது குழாய் சூடாக இருந்தது. ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் உறைமோருக்குக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பதினெட்டு வயது, கன்னமெல்லாம் பரு. சுவரில் என் தங்கையின் படம், மாலை போட்டு. அம்மா அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் உன்ன மாதிரிதான் இருந்துச்சு. பெரியவதான் மாத்திரை வாங்கிக் குடுத்துத் தெளிய வச்சா. இந்தா, அவளே வந்துட்டா. ஏட்டி, இவளுக்கும் அந்த மாத்திரை வாங்கியாந்து குடு. நம்ம தெருவுல ஏற்கெனவே நாலு பிள்ளைகளுக்குப் பேர் சொல்லியிருக்கேன். மூணு பேருக்குக் கேட்டிருச்சு."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்தப் பெண் போகும்வரை பொறுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், தட்டு, டாக்டர் சொன்னது, ஆறு நாள். அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ. "நான் இல்லன்னு சொன்னேம்மா. நான் சொல்லியிருக்கணும்," என்றேன். மூன்று வருடத்தில் நான் அழுதது அன்றுதான்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ இல்லன்னு சொன்னப்போ நானும் அங்கனதானட்டி நின்னேன்," என்றாள். "எனக்கும் வாய் இருந்துச்சுல்லா. நீ எங்க சொல்லிருவியோன்னு உன் சேலையப் பிடிச்சு இழுத்தேன். உனக்கு ஞாபகம் இல்லையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இன்றுவரை ஞாபகம் வரவில்லை. உண்மையாகவே இழுத்தாளா, இல்லை என் பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொள்வதற்காகச் சொன்னதா, தெரியாது. எது எதற்குக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் காலை அம்மா தலைமுழுகி, நல்ல சேலை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். நாலு வீடு, அப்புறம் பக்கத்து வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே மாதிரிதான் சொன்னாள். உள்ளே வரச் சொன்னார்கள், போகவில்லை.

"அந்த மாத்திரைய நிறுத்திருங்க. எம் பிள்ளைக்குக் கலியாணம் நின்னுரக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட மறைச்சோம். பிள்ளை போயிட்டா. இனி யார் கேட்டாலும் சொல்லுங்க, எங்க வீட்டுப் பொண்ணு மாத்திரை சாப்பிட்டான்னு."